முறமும் மின்னஞ்சலும்

களத்து மேட்டில் நெல்லை முறத்திலிட்டுப் புடைத்தால் பதர் முன்னே பறக்கும். மணி பின்னே தங்கும். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் பிறந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் கைப்பேசியின் மின்னஞ்சல் பெட்டியிலும் இப்படியொரு முறம் இரவு பகலாகப் புடைத்துக்கொண்டிருக்கிறது. சென்ற ஆண்டு வரை நான் அதை அறிந்தேனில்லை.

1978ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், அமெரிக்காவில் கேரி துர்க் என்னும் கணிப்பொறி விற்பனையாளர், ஆர்ப்பாநெட் என்ற அன்றைய வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கேளாமல் வந்த மொத்த அஞ்சலில் அதுவே முதல் என்பர். அனுப்பச் செலவு இல்லை. ஆயிரத்தில் ஒருவர் மயங்கினாலும் இலாபம். பதர் பெருகக் கேட்பானேன்?

'இலவசம்', 'பரிசு' என்ற சொல் இருந்தாலே தள்ளு என்று முதலில் விதி எழுதினார்கள். அனுப்புவோர் எழுத்துகளுக்கிடையே புள்ளி வைத்துத் தப்பினர். 2002இல் பால் கிரஹாம் என்னும் நிரலாளரின் கட்டுரை வேறொரு வழியைப் பரப்பியது. அது வேறொன்றுமில்லை, நம் பாடத்தில் வரும் பேயிஸ் தேற்றந்தான்! 1763இல் அச்சேறிய தேற்றம் குப்பை பொறுக்கவும் உதவுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 அஞ்சல்களில் 600 குப்பை, 400 நல்லவை என்று கொள்வோம். 'பரிசு' என்னும் சொல் குப்பையில் 120இலும் நல்லவற்றில் 8இலும் வருகிறது. அச்சொல் உள்ள புதிய அஞ்சல் குப்பையாக இருக்கும் நிகழ்தகவு 120/128, அதாவது ஏறக்குறைய 94 விழுக்காடு. இவ்வாறே மற்றச் சொற்களின் சான்றையும் சேர்த்து, வரம்பைத் தாண்டினால் ஒதுக்கிவிடும். இன்றைய வடிகட்டிகள், அனுப்பியவர் மெய்யாகவே அம்முகவரிக்கு உரியவர்தாமா என்றும் சோதிக்கின்றன.

இதுவரை காணாத சொல்லுக்கு முன் இந்த முறம் கையற்று நிற்கும். 'பணம்' என்பதை ஆங்கில எழுத்தில் நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஒவ்வொன்றும் அதற்குப் புதுச் சொல்.

பதர் உள்ளே வருவது தொல்லை. மணி வெளியே போவதோ நட்டம். 2021 மார்ச் 8ஆம் நாள், முன்பதிவு செய்த வாசகத்தோடு ஒத்துப்போகாத வணிகக் குறுஞ்செய்திகளைத் தடுக்கும் முறை நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஏமாற்றுச் செய்திகளோடு வங்கிகளின் ஓ.டி.பி. எண்களும் தடைபட்டன. மக்கள் திண்டாடினர். மறுநாளே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அதை ஒரு வாரம் நிறுத்தி வைத்தது.

என் நட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கோடைப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். பதில் வரவில்லை என்றிருந்தேன். பேராசிரியர் ஒருவர், "குப்பைப் பெட்டியைப் பார்த்தாயா, அம்மா?" என்றார். இருந்தது! "வாழ்த்துகள், தேர்வு பெற்றுள்ளீர்கள், உதவித்தொகைக்காக வங்கிக் கணக்கு எண்ணை உடனே அனுப்புக." இறுதி நாள் கடந்து நான்கு நாளாயிற்று. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான். அந்தப் பெட்டியையும் பார் என்று சொல்ல வீட்டில் யார் உண்டு?

ஆறிய பின் அக்கடிதத்தை மீண்டும் படித்தேன். வாழ்த்து, தொகை, கணக்கு எண், உடனே: மோசடிக்காரன் எழுதுவதும் இதே சொற்கள்தாமே! உதவித்தொகையை எதிர்நோக்கும் நம்மைப் போன்றவர்களைக் குறிவைத்தே அவன் அச்சொற்களை எடுத்துக்கொண்டான். ஆகவே நமக்கு வரும் மெய்யான கடிதமே அதிகம் ஐயத்துக்குள்ளாகிறது.

ஜிமெயிலில் அப்பெட்டியில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும். நல்ல அஞ்சலைக் கண்டால் 'குப்பை அன்று' என்னும் பொத்தானை அழுத்துங்கள். முறம் அதனால் கற்றுக்கொள்ளும். சென்ற மாதம் முதலாமாண்டுத் தங்கைகள் இருவருக்கு இதைக் காட்டினேன். அவர்களில் ஒருத்தியின் பெட்டியில் கல்விக் கடன் பற்றிய வங்கிக் கடிதம் 26 நாளாகக் கிடந்தது.