உறக்கத்தை அளக்கும் வினாக்கள்

வெப்பமானி எந்த ஊரிலும் ஒரே அளவைக் காட்டும். உறக்கக் குறைபாட்டை அளக்கும் வினாத்தாள் அத்தகையதன்று. அதன் கருவி சொற்களே. மொழியும் வாழ்க்கை முறையும் மாறினால் அளவும் மாறக்கூடும்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் டேனியல் பைசியும் அவருடைய குழுவினரும் உருவாக்கி 1989-இல் வெளியிட்ட உறக்கத் தரக் குறியீடு உலகெங்கும் பயன்பட்டு வருகிறது. கடந்த ஒரு மாத உறக்கத்தைப் பற்றிய 19 வினாக்களுக்கான விடைகள் 7 கூறுகளாகத் தொகுக்கப்படுகின்றன. ஒவ்வொரு கூறுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. மதிப்பெண் 5-க்கு மேற்பட்டால் உறக்கத்தின் தரம் குறைவு எனக் கொள்ளப்படுகிறது.

ஸ்பானிய மொழி தரும் பாடம்

இக்குறியீட்டின் ஸ்பானிய வடிவம் 1997-இல் ஸ்பெயினில் ஆராயப்பட்டது. மொழி ஒன்றேயாயினும், கொலம்பிய ஆய்வாளர்கள் தம் மக்களிடையே தனியே சோதித்து, 2005-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு நாட்டில் தேறிய வினாத்தாள் மற்றொரு நாட்டிலும் தேறும் என்று முன்கூட்டியே கொள்ள இயலாது என்பதே இதன் பொருள்.

இருமொழி வட்டாரம்

இப்பாடம் சித்தூர், திருப்பதிப் பகுதிகளுக்கு மிகவும் பொருந்தும். 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்தும் நெல்லூர் மாவட்டத்திலிருந்தும் பகுதிகள் பிரிக்கப்பட்டு, 2022-இல் திருப்பதி மாவட்டம் அமைந்தது. தெலுங்கு பெருவழக்காயினும் தமிழ் பேசும் குடும்பங்களும் இங்கு ஏராளம். ஒரே மருத்துவமனையில் இரு மொழியினரும் அருகருகே அமர்ந்திருப்பர்.

ஆஸ்திரேலிய மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வகுத்த எப்வொர்த் அளவுகோல், 8 சூழல்களில் கண்ணயரும் வாய்ப்பைக் கேட்கிறது. வெறும் களைப்பை அன்று. தமிழில் ‘அசதி’ என்று எழுதினால் வினாவே மாறிவிடும். ‘கோழித்தூக்கம்’ என்றால் கருத்து விளங்கும். தெலுங்கில் ‘குனுகு’ அதற்கு நெருங்கிய சொல். காரில் செல்வது பற்றிய வினா, பேருந்தில் மட்டுமே செல்பவருக்குப் பொருந்தாது. பலமநேர், குப்பம் பகுதிகளில் யானைகளிடமிருந்து பயிரைக் காக்க இரவில் விழித்திருக்கும் உழவர், உறங்க இயலாதவர் அல்லர். உறங்க நேரம் வாய்க்காதவர். வினாத்தாள் இவ்விருவரையும் பிரித்தறிய வேண்டும்.

சரிபார்க்கும் முறை

முதலில் இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, பின்னர் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவர். மூலத்தைக் காணாத ஒருவர் அதை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்ப்பார். வல்லுநர் குழு வேறுபாடுகளைக் களையும். சிலரிடம் வினவி, அவர்கள் புரிந்துகொண்ட விதம் அறியப்படும். அதன்பின் பலரிடம் சோதித்து, வினாக்கள் ஒன்றோடொன்று இசைகின்றனவா, சில வாரங்கள் கழித்துக் கேட்டாலும் ஒத்த விடை கிடைக்கிறதா, மருத்துவரின் முடிவுடன் மதிப்பெண் பொருந்துகிறதா என்று காண்பர். இறுதியாக, இரு மொழியினரிடையேயும் ஒரே மதிப்பெண் ஒரே பொருளைத் தருகிறதா என்பதை ஆராய வேண்டும். இதைச் செய்யாமல் இரு பிரிவினரையும் ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

இது ஏட்டளவிலான நுணுக்கம் அன்று. திருமலை மலைப்பாதையில் பேருந்து ஓட்டுபவரின் பகல் உறக்கத்தை வினாத்தாள் காணத் தவறினால் பயணிகளின் உயிருக்கு ஆபத்து. இல்லாத குறையைக் காட்டினால் ஓட்டுநரின் பிழைப்புக்கே கேடு. ஆதலின், எந்தக் கணக்கெடுப்புக்கும் முன்னர், வினாத்தாள் அம்மக்களிடையே சோதிக்கப்பட்டதா என்று அலுவலர்கள் கேட்பது கடமையாகும். அச்சோதனைக்கு ஆகும் காலமும் பொருளும் திட்டத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும்.