பெயரும் பணியும்: "ஒப்பந்த ஊழியர்" என்னுஞ் சொல்லின் பொருள்

ஒரு சொல் பல பொருள் தந்து நிற்பின், பொருளறியாதார் இழப்பெய்துதல் இயல்பு. தொழிலுக்கு ஆள் சேர்ப்போர் வழங்கும் "ஒப்பந்த ஊழியர்" என்னுந் தொடர் அத்தகையது. அது மூவகையினரைச் சுட்டும்.

முதல்வகையினர், ஓராண்டு ஈராண்டு எனக் கால எல்லையிட்டு அமர்த்தப்படுவோர். காலம் குறுகியதாயினும் இவர் முதலாளியின் ஏவலின்கீழ்ச் சம்பளத்துக்கு உழைப்பவரே. இரண்டாம் வகையினர், ஒரு வேலையை முடித்துத் தருவதாகப் பொருந்திக்கொள்வோர். மதில் கட்டுவதைக் கொந்தராத்தாக ஏற்கும் மேசன் தம் கருவிகொண்டு, தம் ஆட்களை வைத்து, தாம் வேண்டியவாறு வேலைசெய்வர். இலாபமும் நட்டமும் அவருடையன. மூன்றாம் வகையினர், ஆட்களை வழங்கும் பிறிதொரு நிறுவனத்தின் வழியாக வருவோர். இவர்க்கு வேலை ஓரிடத்தில், சம்பளம் வேறிடத்தில்.

இவற்றைப் பிரித்தறிதற்கு எழுதிய பெயர் போதுமோ? இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டு, கொங்கிறீற்றுக் கலவையை ஏற்றிச் சென்ற லொறிச் சாரதி ஒருவர் பற்றிய வழக்கில் இவ்வினா எழுந்தது. அவரைச் சுதந்திர ஒப்பந்தக்காரர் என ஒப்பந்தம் கூறிற்று. நீதிபதி மக்கென்னா அப்பெயரளவில் அமையாது, இருபாலாரின் உரிமை கடமைகளை ஆராய்ந்தார். லொறியைத் தாமே வாங்கிப் பேணும் பொறுப்பு முதலியவற்றை நோக்கியே, அவர் ஊழியரல்லர் எனத் தீர்த்தார். தீர்ப்பு ஒப்பந்தத்தின் பெயரோடு ஒத்தது. ஆயின் அதற்குக் காரணம் பெயரன்று.

இலங்கைச் சட்டங்களும் பெயரினும் பணியையே நோக்குகின்றன. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியர்க்கு மட்டும் உரியதன்று. தற்காலிக, அமைய, ஒப்பந்த ஊழியர்க்கும் உரியது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், பதினைவர்க்குக் குறையாதோர் பணிபுரியும் இடத்தில், பன்னிரண்டு மாதத்துள் 180 நாள் வேலைசெய்தவரை, ஒழுக்கக் குற்றமன்றிப் பிற காரணத்தால் நீக்குவதற்கு, அவர்தம் எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ வேண்டுகின்றது. அது எண்ணுவது நாட்களை.

மயக்கத்தின் விலையையுங் கணிப்போம். மாதம் 40,000 ரூபா சம்பளம் பெறும் ஊழியர்க்கு முதலாளி சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமுஞ் செலுத்தல் வேண்டும். உண்மையில் ஊழியராயிருப்பவரைக் "கொந்தராத்துக்காரர்" என எழுதி இவற்றைச் செலுத்தாதுவிடின், அவர் மாதம் 6,000 ரூபாவும் ஆண்டுக்கு 72,000 ரூபாவும் இழப்பர்.

ஆதலின், கல்லூரி விட்டுத் தொழில் புகும் மாணவர் நியமனக் கடிதத்திற் கையொப்பமிடுமுன் நான்கு வினாக்களை எழுப்புக: என்னை ஏவுபவர் யார்? கருவி யாருடையது? சம்பளந் தருபவர் யார்? நட்டம் யாரைச் சாரும்? இவற்றின் விடைகளே அவர்தம் நிலையைப் பெரிதும் உணர்த்தும். ஆள் சேர்ப்போரும் காலம், வேலை, சம்பளம், நிதி என்பவற்றை வெளிப்பட எழுதுவாராயின், பின்வரும் பிணக்குகள் பல முளையிலேயே ஒழியும்.