சக்கர நாற்காலியும் விமானம் ஏறும்!

குட்டீஸ், தேனி, சின்னமனூர், கம்பம், கூடலூர் பக்கம் இருப்பவர்கள் விமானத்தில் பறக்க வேண்டும் என்றால் எங்கே போவார்கள்? மதுரைக்குத்தான்! கம்பத்திலிருந்து 100 கிலோ மீட்டருக்கும் மேல். நாம் பஸ் பிடித்துப் போய், விமானப் படிக்கட்டில் விறுவிறுவென ஏறிவிடலாம். நடக்க முடியாத ஒருவர் எப்படி ஏறுவார்?

அதற்கு வழி இருக்கிறது. தனக்கு என்ன உதவி வேண்டும் என்பதை, விமானம் கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். விமான நிலையத்தில் ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியுடன் உதவிக்கு வருவார். மாற்றுத்திறனாளிகளுக்கு இதற்குக் கட்டணம் கிடையாது.

சரி, அவ்வளவு உயரத்தில் இருக்கும் விமானக் கதவை எட்டுவது எப்படி? சில விமான நிலையங்களில், கட்டடத்தையும் விமானத்தையும் இணைக்கும் 'ஏரோபிரிட்ஜ்' என்ற பாலம் உண்டு. அதில் படியே இல்லை. இல்லாவிட்டால் 'ஆம்புலிஃப்ட்' வரும். லாரியின் மேல் ஒரு சின்ன அறை இருப்பது போன்ற வண்டி இது. சக்கர நாற்காலியோடு உள்ளே ஏற்றி, அந்த அறையை அப்படியே விமானக் கதவு வரை உயர்த்திவிடுவார்கள்!

விமானத்துக்குள் நடைபாதை மிகக் குறுகல். சாதாரண சக்கர நாற்காலி நுழையாது. அதனால் அங்கே ஒல்லியான வேறொரு சக்கர நாற்காலியில் இருக்கை வரை அழைத்துச் செல்வார்கள். பார்வையற்றவர்களுக்காக, பாதுகாப்புக் குறிப்புகளை பிரெய்லி எழுத்தில் அச்சிட்ட அட்டைகளும் உண்டு.

ஆனால், இயந்திரங்கள் மட்டும் இருந்தால் போதுமா? கொல்கத்தாவைச் சேர்ந்த ஜீஜா கோஷ், மூளை முடக்குவாதம் உள்ளவர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பாடுபடுபவர். 2012 பிப்ரவரியில் ஒரு மாநாட்டுக்காக கோவா செல்ல ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஊழியர்கள் அவரை இறக்கிவிட்டார்கள்! டாக்டரை அழைத்துப் பரிசோதிக்கக்கூட இல்லை. அவர் சும்மா இருக்கவில்லை; உச்ச நீதிமன்றம் சென்றார். 2016 மே மாதம் தீர்ப்பு வந்தது. அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது நீதிமன்றம்.

அதன் பிறகும் 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள். இண்டிகோ நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் விதியும் திருத்தப்பட்டது. ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஏற்ற மறுக்கக் கூடாது. பயணியின் உடல்நிலை பற்றிச் சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கம்பத்தில் இருப்பவருக்குப் பயணம் மதுரை விமான நிலையத்திலா தொடங்குகிறது? வீட்டு வாசலில் அல்லவா! பஸ்ஸின் உயரமான படி, சாய்தளம் இல்லாத கட்டடம் எல்லாமே அவருக்குத் தடைகள்தான். சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. எல்லா ஊருக்கும் அவை வர வேண்டும்.

நீங்களும் உதவலாம், குட்டீஸ். சக்கர நாற்காலியில் யாரையாவது பார்த்தால் சட்டென்று பிடித்துத் தள்ளாதீர்கள். "உதவட்டுமா?" என்று முதலில் கேளுங்கள். கூட வந்தவரிடம் அல்ல, அவரிடமே கேளுங்கள்!