தட்டு மாறலாம், பந்தி மாறக் கூடாது

எல்லையோரப் பள்ளிகளில் உணவு ஒவ்வாமை: சுதந்திரமும் பாதுகாப்பும் மோதுகின்றனவா?

புதுதில்லி: பள்ளியில் பரிமாறப்படும் உணவு குறித்த சர்ச்சைகள் இந்நாட்டுக்குப் புதியவை அல்ல. மதிய உணவில் முட்டை வழங்கப்படுவதை எதிர்த்து 2021-இல் கர்நாடகத்தில் மடாதிபதிகள் சிலர் குரல் எழுப்பினர். 2023 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடைபெற்ற கேரளப் பள்ளிக் கலைவிழாவில், சைவ உணவு மட்டுமே வழங்குவது சரியா என்ற விவாதம் மாநிலம் முழுவதும் சூடு பிடித்தது. இவ்விவாதங்களில் நம்பிக்கையும் சாதியும் உரிமையும் பேசப்பட்டன. குறிப்பிட்ட ஓர் உணவை உண்டால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் வாழும் குழந்தையைப் பற்றி மட்டும் எவரும் பேசவில்லை.

ஒவ்வாமை என்றால் தோலில் சிறு தடிப்பு, சிறிது நேரம் அரிப்பு என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் 2024 ஏப்ரலில், இடுக்கி மாவட்டம் தொடுபுழாவில் பணியாற்றி வந்த இளம்பெண் ஒருவர், இறால் உண்ட பின் ஏற்பட்ட ஒவ்வாமையைத் தொடர்ந்து உயிரிழந்தார். தீவிர ஒவ்வாமையின்போது தொண்டை வீங்கி மூச்சு அடைபடும். ரத்த அழுத்தம் திடீரெனச் சரியும். உணவு ஒவ்வாமையால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து 2000-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்று, மூச்சோ இதயமோ நின்றுபோகச் சுமார் 30 நிமிடங்களே ஆனதாகக் கண்டறிந்தது. அந்த அரை மணி நேரத்துக்குள் தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி போடப்பட வேண்டும். அதற்கு ஈடான வேறு மருந்து இல்லை.

எண்ணிக்கை சிறிது, பொறுப்பு பெரிது

இந்தியாவில் இச்சிக்கல் மேலை நாடுகளைப் போல் பரவலானது அல்ல. பெங்களூரு, மைசூரு பகுதிகளில் 7 முதல் 10 வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வு, உணவு ஒவ்வாமை இருக்கக் கூடியவர்கள் 0.14 சதவீதம் என மதிப்பிட்டது. அதே ஆய்வில் ஹாங்காங் குழந்தைகளிடம் இது 1.5 சதவீதமாக இருந்தது.

எனினும், 2021-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது கூறப்பட்ட கணக்கின்படி, பள்ளி மதிய உணவுத் திட்டத்தின் வரம்புக்குள் வரும் குழந்தைகள் சுமார் 11.8 கோடி பேர். இவ்வளவு பெரிய திட்டத்தில் மிகச் சிறிய சதவீதமும் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் குறிக்கும். உணவு வழங்குவது அரசின் சட்டக் கடமை என்று 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. அவ்வாறெனில், அந்த உணவால் எந்தக் குழந்தைக்கும் கேடு நேராமல் காப்பதும் அரசின் கடமையே.

2013 ஜூலையில் பிகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் பூச்சிமருந்து கலந்த மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டனர். குழந்தைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்ற விதி அதன்பின் கண்டிப்பாக்கப்பட்டது. கெட்டுப்போன உணவைக் கண்டறிய இவ்விதி உதவும். ஆனால் ஆசிரியருக்கு ஒரு தீங்கும் செய்யாத அதே முட்டையும் நிலக்கடலையும் வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கு மட்டும் நஞ்சாகலாம். அதைச் சுவைத்து அறிய இயலாது. பெற்றோரிடம் கேட்டே அறிய வேண்டும். குழந்தைகளின் உடல்நலக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிய 2013-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம் 30 குறைகளைப் பட்டியலிட்டது. அதில் உணவு ஒவ்வாமை தனியாக இடம்பெறவில்லை.

தடை தீர்வாகுமா?

ஒரு குழந்தைக்கு ஆகாத உணவை எல்லாக் குழந்தைகளுக்கும் தடை செய்துவிடலாம் என்பது எளிதில் தோன்றும் யோசனை. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் நிலக்கடலை இவ்வாறு தடை செய்யப்பட்டது. ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, தடை விதித்த பள்ளிகளில் அவசர அட்ரினலின் ஊசியின் தேவை குறையவில்லை என்றது. பள்ளி முழுவதும் ஓர் உணவைத் தடை செய்வதைவிட ஊழியர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் மருந்தைக் கைவசம் வைத்திருப்பதுமே மேல் என்று சர்வதேச நிபுணர் குழு ஒன்று 2021-இல் பரிந்துரைத்தது.

இந்தியாவில் தடையின் விலை இன்னும் கூடுதல். தோட்டத் தொழிலாளியின் குழந்தைக்கும் அட்டப்பாடிப் பழங்குடிக் குழந்தைக்கும் பள்ளியில் கிடைக்கும் முட்டை, அரிதாகக் கிடைக்கும் புரதம். ஒருவரின் பாதுகாப்புக்காக நூறு பேரின் ஊட்டத்தைப் பறிப்பது நியாயமாகாது. மேலும், உணவுக்குத் தடை கோருவதற்கென்றே காத்திருப்போருக்கு ஒவ்வாமை ஒரு புதிய சாக்காகவும் அமைந்துவிடலாம்.

அதே மாசசூசெட்ஸ் ஆய்வில், ஒவ்வாமையுள்ள குழந்தைகளுக்குத் தனி மேசை ஒதுக்கிய பள்ளிகளில் ஊசியின் தேவை குறைந்திருந்தது. ஆயினும் இந்நாட்டில் அம்முறையை அப்படியே பின்பற்ற முடியாது. தனிப் பந்தி என்றாலே சாதியின் நினைவு எழும் மண் இது. எல்லாக் குழந்தைகளையும் ஒரே வரிசையில் அமர்த்தியது மதிய உணவுத் திட்டத்தின் பெரும் சாதனைகளுள் ஒன்று. நோயின் பெயரால் ஒரு குழந்தையைப் பிரித்து அமர்த்தினால், மற்ற குழந்தைகள் அதற்கு என்ன பொருள் கொள்வார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மாற்று வழி ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. முட்டை உண்ணாத குழந்தைகளுக்குத் தமிழகத்திலும் கேரளத்திலும் வாழைப்பழம் வழங்கப்படுகிறது. குழந்தை அதே வரிசையில் அமர்கிறது. தட்டில் உள்ள ஒரு பொருள் மட்டுமே மாறுகிறது. பழக்கத்துக்காகவும் நம்பிக்கைக்காகவும் செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டை உடல்நலத்துக்கும் விரிவுபடுத்துவதில் தடையேதும் இல்லை. வாழைப்பழமே சிலருக்கு ஒவ்வாது என்பதால் ஒவ்வொரு குழந்தையின் தேவையும் தனித்தனியே பதிவாக வேண்டும். 2025-இல் கேரளப் பொதுக் கல்வித்துறை உணவுப் பட்டியலை மாற்றிப் புதிய உணவு வகைகளைச் சேர்த்தது. பட்டியல் வளரும்போது இப்பதிவின் தேவையும் வளர்கிறது.

மொழியும் தொலைவும்

தமிழக எல்லையை ஒட்டிய பகுதிகளில் மேலும் இரு சிக்கல்கள் உள்ளன. முதலாவது மொழி. இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் தமிழர்கள் பெருமளவில் வாழ்கின்றனர். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுடன் தமிழிலேயே தொடர்பு கொள்ளும் உரிமையை 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அங்கீகரித்தது. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்து தர வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 350-ஏ பிரிவு. ஆனால் ஒவ்வாமை குறித்த படிவம் மலையாளத்தில் மட்டும் வந்தால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய் எதை எழுதித் தருவார்? கடையில் வாங்கும் தின்பண்டத்தின் நிலையும் இதுவே. ஒவ்வாமை தரும் பொருள்களை உறையில் குறிப்பிட வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி. எனினும் அதனை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டாலே போதும். மொழியுரிமை இங்கு உயிருரிமையாகவும் ஆகிவிடுகிறது.

இரண்டாவது தொலைவு. இடுக்கியில் ரயில் பாதையே இல்லை. அவசரச் சிகிச்சைக்கு மறையூர் மக்கள் உடுமலைப்பேட்டைக்கும், குமுளி மக்கள் கம்பம், தேனிக்கும், அட்டப்பாடி மக்கள் கோவைக்கும் செல்வது வழக்கம். மழைக்காலத்தில் மண்சரிவு வழியை மறிப்பதும் உண்டு. இத்தகைய இடங்களில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்குள் அந்த அரை மணி நேரம் கடந்துவிடும். எனவே மருந்துதான் பள்ளியின் அருகே இருக்க வேண்டும்.

இதற்குக் கனடாவில் ஒரு முன்மாதிரி உண்டு. ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில், ஒவ்வாமையால் 13 வயது மாணவி 2003-இல் இறந்ததை அடுத்து இயற்றப்பட்ட சட்டம் 2006 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வாமையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் திட்டம், ஊழியர்களுக்குத் தொடர் பயிற்சி, நல்லெண்ணத்துடன் அவசர ஊசி போடும் ஆசிரியருக்குச் சட்டப் பாதுகாப்பு ஆகியவற்றை அது உறுதி செய்தது.

அங்கு பயன்படும் தானியங்கி ஊசிக் கருவிகள் இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். ஆனால் குப்பியில் வரும் அட்ரினலின் மிக மலிவானது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உள்ளது. தடுப்பூசிக்குப் பின் தீவிர ஒவ்வாமை ஏற்பட்டால் முதல் ஊசியைப் போடும் அதிகாரத்தைக் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல் ஏற்கெனவே அளித்துள்ளது. தடுப்பூசிக்கு அவரை நம்பும் அரசு, பள்ளி உணவுக்கும் அவரை நம்பலாம்.

தேவைப்படுபவை சிலவே: சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழியில் ஒரு கேள்வி, சமையலறைச் சுவரில் குழந்தைகளின் பெயரை ஊருக்கு அறிவிக்காமல் சமையலருக்கு மட்டும் தெரியும் குறிப்பு, ஆசிரியருக்கு ஒரு நாள் பயிற்சி, செவிலியரின் பையில் ஒரு குப்பி. இவற்றால் எவருடைய உணவுச் சுதந்திரமும் பறிபோகாது. ஒரு குழந்தையின் தட்டு மாறலாம். அது அமரும் பந்தி மாறக் கூடாது.