தட்டில் வளரும் மரங்களுக்கு ஏற்ற மண்ணும் அதன் புளிப்பு நிலையும்

மரத்தை ஆழமில்லாத தட்டில் நட்டு, கிளையையும் வேரையும் காலந்தோறும் கத்தரித்து, குறுகிய உருவத்திலேயே முதுமரத்தின் தோற்றம் பெறச்செய்யும் கலைக்கு ஜப்பானியர் போன்சாய் என்று பெயரிட்டிருக்கின்றனர். சீன தேசத்திலிருந்து வந்த இக்கலை ஜப்பானில் தனிச் சிறப்பு அடைந்தது. தோட்டத்தில் நிற்கும் மரம் ஒருபுறம் மண் கெட்டால் மறுபுறம் வேரைச் செலுத்திப் பிழைத்துக்கொள்ளும். தட்டிலுள்ள மரத்திற்கு அவ்வழி இல்லை. சில அங்குல ஆழமுள்ள மண்ணே அதற்கு வாய்த்த நிலம் முழுவதும். அம்மண் கெடின், பல தலைமுறையினர் பேணிய மரமும் இரண்டொரு பருவங்களில் பட்டுப்போகும். மண்ணை நன்கு பேணினாலோ அதன் ஆயுளுக்கு எல்லை காண்பது அரிது. 1625-ம் வருஷம் முதல் தட்டில் பயிற்றப்பட்டு, 1945-ல் ஹிரோஷிமா நகரில் அணுகுண்டுக்குத் தப்பி, 1976-ல் அமெரிக்காவிற்கு அன்பளிப்பாக அளிக்கப்பெற்ற வெண்பைன் மரம் வாஷிங்டன் நகரத்து அரசாங்க மரத்தோட்டத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

1923-ம் வருஷத்துப் பெரும் பூகம்பத்திற்குப்பின், டோக்கியோ நகரத்துப் போன்சாய்த் தொழிலாளர் பலர் இடம் பெயர்ந்து, 1925-ல் ஓமியா என்னுமிடத்தில் தனிக் கிராமம் ஒன்றை அமைத்தனர். அவர்கள் அவ்விடத்தைத் தேர்ந்தமைக்கு விசாலமான நிலத்தோடு நல்ல மண்ணும் தூய நீரும் காரணங்களாகும். மண், நீர் ஆகிய இரண்டையும் சேர்த்தே ஆராய வேண்டுமென்பதை இத்தொழிலில் ஈடுபட விரும்புவோர் முதலில் உணர்தல் நலம்.

மண் மணியாக இருக்கவேண்டிய காரணம்

நனைத்த துணியைக் கொடியில் உலர்த்தினால், மேற்பாகத்து நீர் வடிந்த பின்னும் அடிக்கரை ஈரமாகவே நிற்பதைக் காணலாம். தொட்டி மண்ணிலும் அவ்விதமே அடியில் ஒரு பகுதி நீர் நிறைந்து நிற்கும். அப்பகுதியின் உயரம் மண்ணின் பருமனைப் பொறுத்ததேயன்றித் தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததன்று. ஆழமான தொட்டியில் அதனால் பெருந்தீங்கு இல்லை. ஆழம் குறைந்த தட்டிலோ மண்ணில் பெரும்பாகம் அந்நீரில் மூழ்கி, வேர்கள் காற்றின்றி அழுகும். அடியில் கூழாங்கற்களைப் பரப்புவதால் இக்குறை நீங்காது. நீர் நிற்கும் பகுதி கற்களுக்கு மேலேறி நிற்குமேயன்றி வேறில்லை.

ஆகையால், பொடியை முற்றிலும் சலித்து நீக்கி, 2 முதல் 6 மில்லிமீட்டர் வரையுள்ள மணிகளையே உபயோகிக்கவேண்டும். அதாவது, கடுகிற்குப் பெரியதாயும் பட்டாணிக்குச் சிறியதாயும் இருத்தல் வேண்டும். மிகச் சிறிய மரங்களுக்கு இதனினும் நுண்ணிய மணிகள் ஏற்றவை. மணிகள் நனைந்தாலும் கரையாமலும், தம்முள் நீரை ஓரளவு உறிஞ்சி வைக்கக்கூடியனவாயும் அமைவது அவசியம்.

ஜப்பானில் வழங்கும் மண்வகைகள்

அகாடாமா: இச்சொல்லுக்குச் செம்மணி என்பது பொருள். கான்டோ சமவெளியில் படிந்த எரிமலைச் சாம்பல் நாளடைவில் களிமண்ணாக மாறியதே இது. தோச்சிகி முதலிய ஜில்லாக்களில் வெட்டியெடுத்து, உலர்த்தி, சலித்து, அளவுவாரியாகப் பிரித்து விற்கின்றனர். இது இலேசான புளிப்புத் தன்மையுள்ளது. நீரையும் உரச்சத்தையும் பிடித்துவைக்கும். ஆனால் சில வருஷங்களில், விசேஷமாகப் பனி உறையும் இடங்களில், உடைந்து சேறாகும்.

கனூமா: தோச்சிகி ஜில்லாவில் கனூமா நகரைச் சூழ்ந்த பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிற மண். சுமார் 45,000 வருஷங்களுக்கு முன் அகாகி எரிமலை கக்கிய நுரைக்கல் இற்று இவ்வாறாயிற்று. நல்ல புளிப்புள்ளதாதலால், சாட்சுகி என்னும் அசேலியாச் செடிகளுக்கு மிகவும் உகந்தது.

நுரைக்கல்லும் எரிமலைக் கல்லும்: இவை எளிதில் உடையாதவை. இவற்றில் நுரைக்கல் நீரை நன்கு ஏற்கும். பைன், ஜூனிபர் போன்ற மரங்களுக்கு இவற்றை அகாடாமாவுடன் கலப்பது வழக்கம். இவை உரச்சத்தைப் பிடித்துவைக்கும் சக்தி குறைந்தவை.

புளிப்பும் காரமும்

மண்ணின் புளிப்பையும் காரத்தையும் பி.எச். என்னும் எண்ணால் குறிப்பர். கோபன்ஹேகன் நகரத்து ரசாயன அறிஞர் சோரென்சன் 1909-ல் வகுத்த முறை இது. 7 என்பது நடுநிலை. குறைந்தால் புளிப்பு, கூடினால் காரம். ஓர் எண் மாறுவது பத்து மடங்கு மாற்றமாகும் என்பதை மறத்தலாகாது. பெரும்பாலான மரங்களுக்கு 5.5 முதல் 6.5 வரையிலும், அசேலியாவுக்கு 4.5 முதல் 5.5 வரையிலும் பொருத்தம்.

காரம் மிகுந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் அது கரையாது. வேரால் அதை ஏற்க இயலாது. அப்போது நரம்புகள் பச்சையாகவே நிற்க, இடைப்பட்ட பாகம் மஞ்சளிக்கும். இது முதலில் இளந்தளிர்களில் தோன்றும். தழைச்சத்துக் குறைவால் வரும் மஞ்சளிப்போ முதிர்ந்த இலைகளில் தொடங்கும். இவ்வேற்றுமையை அறியாமல் தழையுரத்தை மேலும் மேலும் இடுவோர் வேரையும் கருகச் செய்துவிடுகின்றனர்.

மண்ணை மாற்றுவது நீரே

புளிப்பான மண்ணை அதிக விலை கொடுத்து வாங்கியும் மரம் மஞ்சளிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நீரிலேயே இருக்கும். கிணற்று நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்புக்கள், ஊற்றுந்தோறும் மண்ணின் புளிப்பைச் சிறிது சிறிதாக முறிக்கின்றன. வயலின் மண் பெருக்கம் இதை நெடுநாள் தாங்கும். தட்டிலுள்ள சிறிதளவு மண் தாங்காது. ஜப்பானில் பெரும்பாலான இடங்களில் நீர் மென்மையானது. ஆதலின், அங்கே நெடுங்காலம் குணங்கெடாத மண், கடினநீர் உள்ள இடங்களில் விரைவில் தன் இயல்பை இழக்கிறது.

காய்ச்சும் பாத்திரத்தின் அடியிலும் தட்டின் விளிம்பிலும் வெண்பொருக்குப் படிவது இந்நீருக்கு அடையாளம். நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவோர், பி.எச். எண்ணை மட்டுமன்றி, காரத்தன்மையின் அளவையும் கேட்டறிய வேண்டும். அது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு உட்பட்டதாயின் பெரும்பாலும் கவலையில்லை. 150-க்கு மேற்படின் பரிகாரம் தேடவேண்டும்.

தட்டு மண்ணைச் சோதிக்க, வழக்கம்போல் நீரூற்றி அரைமணி நேரம் கழித்து, காய்ச்சி வடித்த நீரைச் சிறிது ஊற்றி, அடித்துளை வழியே சொட்டும் நீரைப் பிடித்து அளக்கவேண்டும்.

பரிகாரங்கள்

1. மழைநீரைச் சேமித்து ஊற்றுதல் எல்லாவற்றிலும் சிறந்தது. சரிபாதி கலந்தாலும் காரத்தன்மை ஏறக்குறையப் பாதியாகும். மழைநீரையே முழுவதும் உபயோகிப்போர் சுண்ணாம்பு, மக்னீசியச் சத்துக்களை உரத்தின் மூலம் அளிக்கவேண்டும்.

2. காடி அல்லது எலுமிச்சைப் புளிப்பைக் கலப்பதன் பலன் தற்காலிகமே. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றை உண்டுவிடும்.

3. அமோனியம் சல்பேட்டை மிகக் குறைந்த அளவில் கரைத்து இட்டால் மண் சிறிது சிறிதாகப் புளிப்படையும். புதிதாக மாற்றி நட்ட மரத்திற்கு இது கூடாது. கந்தகத் தூள் வேலை செய்யப் பல வாரங்கள் ஆகும்.

4. கார மண்ணில் அன்னபேதியை இட்டால் அது விரைவில் துருவாகிப் பயனற்றதாகும். அதனை மிக நீர்த்த கரைசலாக இலையில் தெளித்தால் சிறிது காலம் பசுமை திரும்பும். நீரைத் திருத்தாவிடில் நோயும் திரும்பும்.

5. படிகாரம் இடுதலைத் தவிர்க்கவேண்டும். அதிலுள்ள அலுமினியம் மிகுந்தால் வேருக்குத் தீங்கு.

இந்நாட்டில் முயல்வோர்க்கு

தொலைதூரத்து மண்ணை வரவழைத்தல் இன்றியமையாததன்று. நன்றாக வெந்த புதுச் செங்கல்லை உடைத்துச் சலித்துக் கழுவி, பருமணலுடன் சேர்த்து உபயோகிக்கலாம். அரைவேக்காட்டுச் செங்கல் குழையும். பழங்கட்டடத்துச் செங்கல்லில் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருப்பதால் காரத்தைப் பெருக்கும். கடல்மணலில் உப்பு உண்டு. சுக்கான்கல், சலவைக்கல், கிளிஞ்சல் ஆகியவற்றை அறவே விலக்கவேண்டும். ஐயமுள்ள கல்லின்மீது காடியைச் சொட்டினால், நுரைப்பது சுண்ணாம்புக் கல் எனத் துணியலாம். செங்கல் மணி சத்தைப் பிடித்துவைக்காதாகையால், உரத்தைக் குறைந்த அளவில் அடிக்கடி இடவேண்டும். ஆல் முதலிய அத்தியினத்து மரங்கள் நடுநிலையை ஒட்டிய மண்ணையும் பொறுக்கும்.

இம்முறைகள் தட்டு மரங்களுக்கு மட்டும் உரியனவல்ல. கடின நீர் ஊற்றித் தொட்டிகளில் வளர்க்கும் எலுமிச்சை, நாரத்தைக் கன்றுகளிலும் இதே மஞ்சளிப்புத் தோன்றும். மண்ணுக்குச் செலவிடுமுன் நீரைச் சோதித்தறிவோர், பணத்தோடு பல வருஷ உழைப்பையும் காத்துக்கொள்வர்.