முப்பது நிமிஷ நீச்சல்

வாசகரே, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் புறப்பட்ட பஸ், ஆலப்பாக்கத்துக்குள்ளேயே டீசலைத் தீர்த்துவிட்டால் என்ன ஆகும்? புதுச்சத்திரம் வரை நாம் இறங்கித் தள்ள வேண்டியதுதான்! 1500 மீட்டர் 'ப்ரீஸ்டைல்' நீந்துகிறவர்களில் பலர் அந்த பஸ் மாதிரிதான்.

30 நிமிஷத்தில் முடிப்பது உங்கள் லட்சியம் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் குளத்தில் 30 நீளம். நீளத்துக்கு ஒரு நிமிஷம். முதல் நீளத்தை 45 விநாடியில் முடித்துவிட்டுப் பூரித்துப் போகிறோமே, அங்கேதான் வினை! பத்தாவது நீளத்தில் கை ஈயமாய்க் கனக்கும்.

1971-இல் இலங்கைத் தமிழர் ஆழிக்குமரன் ஆனந்தன் பாக் ஜலசந்தியைப் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் நீந்தினார். முதல் மணியிலேயே தெம்பையெல்லாம் செலவழித்திருந்தால் அக்கரையைக் கண்டிருப்பாரா?

ஆகவே, 100 மீட்டரை 2 நிமிஷத்தில் நீந்தி, 20 விநாடி இளைப்பாறுங்கள். இப்படிப் பதினைந்து தடவை. முதல் நூறும் கடைசி நூறும் ஒரே நேரம் காட்டிய பிறகு, இளைப்பாறுவதைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.

தேவனாம்பட்டினம் கடலில் மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம். நீரோட்டம் கடிகாரத்தையும் ஏமாற்றும், ஆளையும் இழுக்கும். குளத்தங்கரையில் கடிகாரத்தோடு தம்பியை உட்காரவையுங்கள். 55 விநாடிக்குள் திரும்பினால், "மெதுவா, மெதுவா!" என்று அவன் கத்தட்டும்.