பறப்புத் திட்டப் படிவத்தில் பரப்பு வழிசெலுத்தல் கலைச்சொற்கள்: பெயரும் பொருளும்

முன்னுரை

மேகத்தினுள்ளும் இருளிலும் கருவிகளின் துணைகொண்டு பறக்கும் விமானம், புறப்படுமுன் தன் பாதையையும் தகுதிகளையும் பறப்புத் திட்டப் படிவத்தில் குறித்தளிக்கிறது. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் அக்குறிப்பை நம்பியே பாதை வழங்குகிறார். இல்லாத தகுதியைக் குறித்தால் விமானத்தால் பின்பற்ற இயலாத பாதை வழங்கப்படக்கூடும். உள்ள தகுதியைக் குறிக்காது விட்டால் உரிய பாதை மறுக்கப்படக்கூடும். எனவே இங்குச் சொற்பொருள் மயக்கம் பாதுகாப்புச் சிக்கலாகவும் அமைகிறது. அம்மயக்கம் தோன்றும் இடங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

பரப்பு என்பதன் பொருள்

தொடக்கத்தில் கருவிவழிப் பறப்பு, ஒரு தரை வானொலி நிலையத்திலிருந்து மற்றொன்றை நோக்கிச் செல்வதாகவே இருந்தது. அந்நிலையங்களின் அலை எட்டும் பரப்பிற்குள்ளோ, விமானத்தின் சொந்தக் கருவிகளின் திறனெல்லைக்குள்ளோ விரும்பிய எப்பாதையிலும் பறக்கும் முறையே ‘ஏரியா நேவிகேஷன்’ எனப்படுகிறது. இதன் சுருக்கப் பெயர் ‘ஆர்நாவ்’. இங்கு ‘ஏரியா’ என்பதை ‘வட்டாரம்’ எனப் பெயர்த்தால் ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதிக்குரிய முறை என்ற பிழைப்பொருள் தோன்றும். ‘பரப்பு வழிசெலுத்தல்’ என்பது பொருந்துவதாகும்.

ஆர்நாவும் ஆர்என்பியும்

பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பு, செயல்திறன்சார் வழிசெலுத்தல் என்னும் பொதுத்தலைப்பின்கீழ் ஆர்நாவ், ஆர்என்பி என இருவகைத் தரங்களை வகுத்துள்ளது. பெயரை அடுத்துவரும் எண் துல்லியத்தைச் சுட்டும். ‘ஆர்நாவ் 1’ எனில் பறப்பு நேரத்தில் குறைந்தது 95 விழுக்காட்டளவு, பாதையினின்று விலகல் 1 கடல்மைலுக்குள் அமைதல் வேண்டும். ‘ஆர்என்பி 1’ என்பதற்கும் எண் அதுவே. ஆயின், தன் துல்லியத்தைத் தானே கண்காணித்து, குறைவு நேரின் விமானியை எச்சரிக்கும் அமைப்பு ஆர்என்பிக்கு இன்றியமையாதது. இவ்விரு பெயர்களின் வேறுபாடு இதுவேயாம்.

நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுக்கும். அந்நோக்கில் ‘ஆர்நாவ் 1’, ‘ஆர்என்பி 1’ ஆகியன காரணப்பெயர்கள். பெருங்கடல் வழித்தடங்களில் வழங்கும் ‘ஆர்என்பி 10’ என்பதோ விலக்கு. அதற்குக் கண்காணித்து எச்சரிக்கும் அமைப்பு தேவையில்லை; வகைப்பாட்டின்படி அது ‘ஆர்நாவ் 10’ ஆகும். முன்னரே நிலைபெற்ற வழக்காதலின் பழம்பெயர் நீடிக்கிறது. காரணம் நீங்கியும் பெயர் நின்றதால் அது இடுகுறித் தன்மை எய்தியுள்ளது.

படிவத்தில் குறிக்கும் முறை

2012 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுப் படிவ அமைப்பில், 10ஆம் பகுதியில் ‘ஆர்’ என்னும் எழுத்து இடப்படும். அது ‘ஆர்நாவ்’ என்பதன் முதலெழுத்துப்போல் தோன்றினும், செயல்திறன்சார் வழிசெலுத்தல் தகுதி முழுமைக்கும் பொதுவானது. எத்தரங்கள் உள்ளன என்பதை 18ஆம் பகுதியில் ‘பிபிஎன்’ என்னும் தலைப்பின்கீழ், எட்டுக்கு மிகாத குறியீடுகளால் விரித்துரைத்தல் வேண்டும். செயற்கைக்கோள்வழித் தகுதியைச் சுட்டும் குறியீடு அங்கு இருப்பின், 10ஆம் பகுதியில் ‘ஜி’ என்னும் எழுத்தும் இடம்பெற வேண்டும்.

எழுத்துப்பெயர்ப்பில் நேரும் மயக்கம்

இக்குறியீடுகளைத் தமிழில் எழுதுகையில் தனிச்சிக்கல் எழுகிறது. ஆங்கில அகரவரிசையின் 4ஆம் எழுத்தும் 20ஆம் எழுத்தும் தமிழில் ‘டி’ என்றே எழுதப்படுகின்றன. முன்னதன் ‘டி 1’ ஆர்நாவ் 1 தரத்தைச் சுட்டும். புறப்பாடு, வருகை வழித்தடங்களில் அது பயன்படும். பின்னதன் ‘டி 1’ தனி ஒப்புதல் பெற்றோர்க்கு மட்டுமே உரிய, வளைபாதையில் பறக்கும் திறனும் அடங்கிய ஆர்என்பி தரையிறங்கு அணுகலைச் சுட்டும். நியூசிலாந்தின் குயின்ஸ்டவுன் போன்ற மலைசூழ் விமான நிலையங்களில் இவ்வகை அணுகல் வழங்குகிறது. பொதுவான தகுதியொன்றும் அரிய தகுதியொன்றும் தமிழில் ஒரே வடிவம் பெறுகின்றன. ‘டி 2’ என்பதற்கும் இது பொருந்தும்.

முடிவுரை

படிவம் ஆங்கில எழுத்துகளிலேயே நிரப்பப்படுவதால் இம்மயக்கம் படிவத்தில் நேர்வதன்று. தமிழ்வழி விளக்க நூல்களிலும் பயிற்றுரைகளிலும் நேர்வது. அவற்றில் குறியீட்டைத் தனித்து எழுதாமல் ‘ஆர்நாவ் 1-க்குரிய டி 1’ எனத் தரத்தின் பெயரோடு இணைத்து எழுதுதல் தகும். கலைச்சொல்லாக்கத்தில் சொற்பொருளுக்குத் தரும் கவனத்தைக் குறியீடுகளின் எழுத்துப்பெயர்ப்புக்கும் தருதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.